தங்கிவாழ்வோர்

வீடில்லாதாருக்கு வீடு வேண்டும் என்பதில் இந்நாளில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எவருக்கு, எத்தகைய வீடு, எந்த அளவுகோலைக் கொண்டு என்று கேட்கத் தொடங்கும்போதே வேற்றுமை தலைகாட்டுகிறது. கண்டாவளையில் வாழ்ந்து, இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்துவரும் நாம் அந்த அளவுகோலைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறோம்.

2009இல் போர் முடிந்து, முகாம்களிலிருந்து மக்கள் திரும்பியபோது இங்கே கூரையோடு நின்ற வீடு அரிது. தறப்பாளின் கீழும் தகரத்தின் கீழும் சில மாரிகள் கழிந்த பின்னர் இந்திய உதவி வீட்டுத்திட்டம் வந்தது. வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள். புதிய வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். வேலை நடந்த அளவைப் பார்த்து, தவணை தவணையாகப் பணம் வங்கியில் இடப்பட்டது. குடும்பத்தவரே நின்று கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. கொந்தராத்துக்காரருக்கு இலாபம் போகாத இம்முறையை நாம் குறைகூற மாட்டோம். 2016ஆம் ஆண்டளவில் வீடொன்றுக்கு 21 இலட்சம் ரூபாய் வரை கணக்கிட்டு 65,000 உருக்கு வீடுகளை வெளிநாட்டுக் கம்பெனியொன்றைக் கொண்டு நிறுவ அரசு முயன்றதையும், இவ்வெயிலுக்கு அவ்வீடு ஆகாது, கல்வீட்டைக் குறைந்த செலவில் எம்மவரே கட்டுவர் என்று மக்களும் அறிஞரும் வாதிட்டு அதனை நிறுத்தியதையும் நினைத்தால், குடும்பத்தவர் கட்டும் முறையின் மேன்மை நன்கு விளங்கும்.

ஆயினும் கட்டுவதற்கு உடல் வேண்டும். மணல் ஏற்றி வருவதற்கும், கல் அரிவதற்கும், மேசன் வராத நாளில் அவர் வீடு தேடிப் போவதற்கும் கால்கள் வேண்டும். சீமெந்தின் விலை ஏறும்போது கடன் கொடுக்க ஒருவர் வேண்டும். எழுபது வயதுத் தனியாளுக்கு இவற்றுள் எது உண்டு?

படிவத்திலேயே அவர் தோற்றுவிடுகிறார் என்பதுதான் உண்மை. அந்நாளில் பல்கலைக்கழக மாணவராயிருந்த நாம், விடுமுறையில் ஊர் வரும்போதெல்லாம் அயலவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது வழக்கம். குடும்பத்தின் ஆள்தொகைக்கும், தங்கிவாழ்வோரின் தொகைக்கும் புள்ளி உண்டு. ஒரு குடும்பத்தில் கிழவி ஒருத்தி இருப்பின், அவளால் அந்தக் குடும்பத்துக்குப் புள்ளி கூடும். அதே கிழவி தனியே இருப்பின், அவளுக்கென்று எண்ண ஆளில்லை. பட்டியலின் அடிக்குப் போய்விடுவாள். முதுமை, பிறர் வீட்டுக்குப் புள்ளி சேர்க்கும். தன் வீட்டுக்குச் சேர்க்காது.

எமது ஒழுங்கையில் இருந்த ஆச்சி ஒருத்திக்கு இதுவே நடந்தது. மக்கள் இருவர், ஒருவர் போரில் இறந்தார், மற்றவர் காணாமற்போனார். கணவன் காலத்து அனுமதிப்பத்திரக் காணி அரை ஏக்கர், கிணற்றோடு இருந்தது. தனியே விண்ணப்பித்தால் பெயர் வராது என்று பலரும் சொன்னதனால், பெறாமகளின் படிவத்தில் அவளைச் சேர்த்தோம். "பிள்ளை, என்ர பேரை எந்தக் கட்டத்தில எழுதினனி?" என்று கேட்டாள். தங்கிவாழ்வோர் என்ற கட்டத்தைக் காட்டினோம். அறுவடைக் காலங்களில் ஆள்பிடித்துச் சூடடித்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் அந்தச் சொல்லைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு கிடைத்தது, பெறாமகளின் காணியில். ஆச்சியின் சொந்தக் காணியில் இன்று உடைமுள் வளர்ந்திருக்கிறது.

கிடைத்த வீடுதானும் முதியோரை மனத்திற்கொண்டு எழுந்ததன்று. கனகராயன் ஆறு பெருகுமிடம் இது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது இப்பகுதி எப்படி நீரில் நின்றது என்பதை அறிவோம். ஆகவே அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுகிறோம், அது சரியே. ஆனால் உயர்ந்த படிக்குக் கைப்பிடி இல்லை. மலசலகூடமோ கிணற்றுக்கு விலகியிருக்கவேண்டும் என்பதனால் காணியின் மறுகோடியில் நிற்கும். மாரி இரவில் அவ்விடம் போய்வர அஞ்சி, மாலைக்குப் பின் தண்ணீர் குடியாமல் இருக்கும் முதியோரை நாம் அறிவோம். ஒரு கைப்பிடிக் குழாயும் ஒரு சாய்தளமும் எவ்வளவு செலவாகும்?

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பேசுகிறது. பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது என்கிறது. பராமரிப்புக் கோரச் சபையொன்றையும் அமைக்கிறது. நல்ல சட்டம். பிள்ளைகளையே போர் கொண்டுபோன வன்னியில், ஆச்சி எந்தப் பிள்ளைமீது மனுக்கொடுப்பாள்? எம்போன்ற ஆசிரியருக்கு ஓய்வூதியம் உண்டு. கூலிக்கு நாற்று நட்டவருக்கு மாதாந்தம் கிடைப்பது சிறு உதவிப்பணம். தருமபுரத்தில் 1977க்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவருள் பலருக்குக் காணிப் பத்திரமே நெடுங்காலம் இருக்கவில்லை. பத்திரமில்லார்க்கு வீட்டுத்திட்டத்தின் வாசல் திறக்கவுமில்லை.

பிறநாடுகளில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் திட்டமிடற் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, பெருந்தொகையாக வீடு கட்டி விற்க வரும் கம்பெனியிடம், இத்தனை வீடு குறைந்த வருவாயினருக்கு ஒதுக்கவேண்டும் என்று உள்ளூர்ச் சபை நிபந்தனை விதிக்கலாம். இலாபம் போதாது என்று கணக்குக் காட்டி அந்நிபந்தனையைக் குறைத்துக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. முதியோர் குடியிருப்புக் கட்டுவோரும் அதற்கு விலக்கல்லர். முதலாளியம் எங்கும் தன் குணத்தோடுதான் இருக்கிறது. கோயம்புத்தூரில் முதியோருக்கென்றே அடுக்கடுக்காய்க் குடியிருப்புகள் எழுந்துள்ளன; சேமிப்பு உள்ளவர்க்கே அவை கதவு திறக்கும்.

கண்டாவளையில் வீடு கட்டி விற்கும் கம்பெனி இல்லை. இங்கு தொகையாகக் கட்டுவோர் அரசும், உதவி நாடுகளும், தொண்டு நிறுவனங்களுமே. அந்த நிபந்தனையை அவர்கள்மீது ஏன் விதிக்கலாகாது? ஒரு கிராமத்தில் இருபது வீடு கட்ட வருவோர், அவற்றுள் இரண்டையேனும் தனித்து வாழும் முதியோருக்கு, ஓர் அறையும் அடுப்படியும் உள்ளேயே மலசலகூடமுமாக, கட்டி முடித்துக் கையளிக்கவேண்டும். அதுவும் ஊருக்கு வெளியேயன்று, அயலவர் குரல் கேட்கும் இடத்தில். காணி முதியவரின் பெயரிலேயே இருக்கட்டும்; அவருக்குப் பின் அவ்வீடு எவரைச் சேரும் என்பதை முன்னரே எழுதிவைக்கலாம். முதியோர் இல்லத்தை நாம் வெறுக்கவில்லை. ஆனால் தன் கிணற்றையும் தன் வேம்பையும் விட்டுப் போக மனமில்லாதவளுக்கு வேறு வழியும் இருக்கவேண்டும்.

கண்டாவளைப் பிரதேச செயலகப் பிரிவு கரைச்சிப் பிரதேச சபையின் எல்லைக்குள் அடங்குவது. கட்டட அனுமதிக்கு அச்சபைகள் இன்றும் துணைகொள்வது 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தை. அது காற்றைக் கேட்கிறது, வெளிச்சத்தைக் கேட்கிறது, வீதியிலிருந்து எத்தனை அடி என்று கேட்கிறது. உள்ளே வாழப்போகிறவரின் வயதைக் கேட்பதில்லை. 2023 மார்ச்சிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரின்றி இருந்த சபைகளுக்கு 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. இப்போது கேட்பதற்கு ஆளுண்டு. சபையின் வரவுசெலவுத் திட்டம் ஆண்டின் கடைசி மாதங்களில் விவாதத்துக்கு வரும். அதற்கு முன்னர், தத்தம் கிராமத்தில் தனியே வாழும் முதியோர் எத்தனைபேர், அவர்களின் வாசற்படி எத்தனை, மலசலகூடம் எத்தனை அடி தொலைவு என்று உயர்தர வகுப்பு மாணவர் எழுதித் தரக்கூடும். அக்குறிப்பேட்டில் ஆச்சிக்கெனத் தனிப் பக்கம் இருக்கும். அவள் பெயர் முதல் வரியில் வரும்.