நோட்டில் ஓடிய நிரல்

அப்பா வாங்கித் தந்த முதல் கணினி என்று தொடங்கும் நினைவுகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். 1996இல் பாம்பனில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கணினி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில் ராமநாதபுரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் ஜி.டபிள்யூ. பேசிக் படிக்கச் சேர்ந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஏசி அறைக்குள் போக வேண்டும். ஒரு கணினிக்கு மூன்று பேர். விசைப்பலகை முன்னால் எப்போதும் பையன்கள்தான். பின்னால் நிற்கும் எங்களிடம், “நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்” என்பார்கள், மரியாதையாகவே. கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான். மாலை ஆறுக்கு மேல் கணினிகள் சும்மா கிடக்கும். விரும்பியவர்கள் உட்கார்ந்து பழகலாம். நாங்களோ பொழுது சாய்வதற்குள் பாலத்தைத் தாண்டியாக வேண்டும்.

அதனால் இரவில் அடுப்படியில் உட்கார்ந்து நோட்டில் நிரல் எழுதினேன். கணினியின் வேலையையும் நானே பார்த்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து ஓட்டுவேன். நான் எழுதியதில் நீளமானது உடம்படுமெய் விதி. நிலைமொழி இ, ஈ, ஐயில் முடிந்து, வருமொழி உயிரில் தொடங்கினால் யகரம்: மணியடித்தான். மற்ற உயிர்களுக்கு வகரம்: பூவழகு. ஏகாரத்துக்கு இரண்டும்: சேயடி, சேவடி. பேசிக்கில் வரிகளுக்கு 10, 20, 30 என்று எண் போடுவது இடையில் புதிய வரியைச் செருகத்தான். குற்றியலுகரம் 15ஆம் வரியில் வந்து உட்கார்ந்தது. அந்தத் திரையில் தமிழ் எழுத்து வராது. நோட்டில் வந்தது.

பின்னாளில் கணினி வரலாறு படித்தபோது இதே வேலையைச் செய்த பெண்களைக் கண்டேன். 1843இல் ஏடா லவ்லேஸ் கணக்கு வழிமுறை எழுதியது, பாபேஜ் கடைசிவரை கட்டி முடிக்காத ஓர் இயந்திரத்துக்கு. அமெரிக்காவின் எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களுக்கு முதலில் அந்த அறைக்குள் நுழையவே அனுமதி இல்லை. வரைபடங்களைப் பார்த்தே அதைக் கற்றார்கள். 1946 பிப்ரவரியில் உலகத்துக்கு அது இயங்கிக் காட்டியது அவர்களுடைய நிரலால். அன்றைய விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை.

இயந்திரம் இல்லாமலும் பெண்கள் சமாளித்தார்கள் என்று இதைப் பெருமையாகச் சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. 2015இல் டெல்லி மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’ என்று கிளம்பியது விடுதிக் கதவு மூடும் நேரத்தை எதிர்த்துத்தான். என் மாணவிகள் இன்றும் ஆறரைக்குள் விடுதி திரும்ப வேண்டும். கணினி ஆய்வகம் எட்டு மணி வரை திறந்திருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரம் அவர்களுக்கும் வேண்டும் என்பதுதான் இந்த ஆண்டு துறைக் கூட்டத்தில் நான் வைத்த ஒரே கோரிக்கை.