வேலூர் வெயிலில் ஒரு கார்

வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசிக் குறை 1981-ல் தீர்ந்துவிட்டது. ஜலகண்டேஸ்வரர் மறுபடி கோட்டைக்குள் எழுந்தருளினார். வெயிலுக்கு மட்டும் அங்கே எந்நாளும் பஞ்சமில்லை.

அக்னி நட்சத்திரத்தில் நாலு நாள் அங்கே தங்கும்படி ஆயிற்று. கூட என் நாத்தனார், அவர் மகள், ஒன்பது மாதப் பேரன். முதல் நாள் உச்சிவேளையில் கோட்டைக்குப் போய் இறங்கும்போது, "குழந்தை தூங்குது, எழுப்ப வேணாம். கண்ணாடியை ரெண்டு விரக்கடை இறக்கி விட்டுட்டு சட்டுனு கும்பிட்டு வந்துடலாமே" என்றார் நாத்தனார். மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

பெரியவர்களிடம் வாதாடுவதைவிடக் கணக்கைக் காட்டுவது மேல். குழந்தையைத் தூக்கி அவள் தோளில் போட்டேன். பஜாரில் வாங்கியிருந்த சுவர் தெர்மாமீட்டரை முன் ஸீட்டின் முதுகுப்புறம், நேர் வெயில் படாத இடத்தில் தொங்கவிட்டேன். வெளியே நிழலில் 40 டிகிரி. கண்ணாடியை அண்ணி சொன்னபடியே இரண்டு விரற்கடை இறக்கி வைத்தோம். அரை மணி கழித்துத் திரும்பினால் உள்ளே 53!

"ஐயோ, அடுப்பாட்டம்னா இருக்கு!" என்று அண்ணி குழந்தையின் தலையைத் தடவினார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

காரணம் சுலபம். வெயில் கண்ணாடி வழியே உள்ளே வந்து டாஷ்போர்டையும் ஸீட்டையும் காய்ச்சிவிடுகிறது. அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சுமாரான வெயிலில்கூட ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே! கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை. பச்சைக் குழந்தையின் உடம்போ பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். 'சட்டுனு வந்துடலாம்' என்பது எத்தனை நிமிஷம் என்று கோயில் வரிசையில் நிற்கிற யாரால் சொல்ல முடியும்?

மற்ற நாட்களில் அதே நேரம், அதே அரை மணி, வேறு வேறு உபாயம். முன் கண்ணாடிக்குள் வெள்ளித்தாள் தட்டி வைத்தபோது 48. ஸ்டியரிங்கைக் கை கூசாமல் பிடிக்க முடிந்தது என்றார் என் கணவர். அடுத்த நாள் அவருடைய பழைய எட்டு முழ வேட்டியை வெளியே கூரைக்கும் கண்ணாடிகளுக்கும் மேலாக விரித்து, நுனிகளைக் கதவிடுக்கில் சிக்க வைத்தோம். போகிறவர்கள் சிரிக்கத்தான் சிரித்தார்கள். 46 என்று காட்டியது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிப்பதுதான் விசேஷம்.

எல்லாவற்றையும் ஜெயித்தது ஒரு புங்கமரம். 42! மரநிழல் நகரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மத்தியானம் நிறுத்தினால் மரத்துக்குக் கிழக்கே நிறுத்த வேண்டும். பொழுது சாயச் சாய நிழல் அந்தப் பக்கம்தான் நீளும். ஆனால் 42 டிகிரியும் குழந்தைக்கு ஆகாது. நிழலென்றாலும் குழந்தை நம்மோடுதான் வரவேண்டும். கோயில் கல்யாண மண்டபத்தில், அந்த யாளித் தூண்களுக்கு நடுவே, துண்டை விரித்துப் போட்டதும் பையன் சுகமாகத் தூங்கினான்.

காய்ந்த காரைச் சீக்கிரம் ஆற்றவும் ஒரு வழி உண்டு. ஒரு பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை ஐந்தாறு தடவை விசிறி மாதிரித் திறந்து மூடுங்கள். உள்ளிருக்கும் அனல் வெளியேறிவிடும். கிளம்பியதும் இரண்டு நிமிஷம் கண்ணாடிகளைத் திறந்தே ஓட்டி, பிறகு ஏ.ஸி. போட்டால் சீக்கிரம் குளிரும். பெல்ட்டின் இரும்புக் கொக்கியைக் கையால் தொட்டுப் பார்க்காமல் குழந்தைக்கு மாட்டாதீர்கள். அண்ணியின் இன்சுலின், என் வாசனை ஸ்பிரே இரண்டையும் காரில் விடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டோம். முதலாவது சூட்டில் கெட்டுப்போகும், இரண்டாவது வெடித்தாலும் வெடிக்கும்.