காலை ஆறு மணிப் பூங்கா

சென்னை வெயிலைப் பற்றி நாங்கள் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. ஆயினும், அவ்வெயிலை மதியாமல் புறப்பட்டு நாங்கள் பட்ட பாட்டை, பிள்ளைகளும் முதியோரும் உள்ள குடும்பங்களுக்குச் சொல்லிவைப்பது நலம் என்று தோன்றுகிறது.

எங்கள் ஆச்சி கோவில்பட்டிக்கு அப்பாலுள்ள கரிசல் ஊரொன்றிலிருந்து மயிலாப்பூரில் எங்களோடு தங்க வந்திருந்தார்கள். தாத்தா மறைந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. எங்கள் வீடு இரண்டாம் மாடியில் உள்ளது. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அச்சுவரைப் பார்த்தபடியே அவர்கள் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார்கள். பேச்சு குறைந்தது, உணவும் குறைந்தது. தாத்தாவின் பெயரை ஒருமுறைகூட எடுக்கவில்லை, அழவுமில்லை. பிள்ளைகளோடு வெளியே அழைத்துச் சென்றால் மனம் சற்றுத் தெளியும் என்று எண்ணினோம். எண்ணத்தில் பிழையில்லை. நேரத்தைத்தான் பிழையாகத் தேர்ந்தோம்.

அது மே மாதத்து ஞாயிறு. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டி, அனைவரும் குளித்து உடுத்திப் புறப்படுகையில் மணி பத்து. கிண்டிச் சிறுவர் பூங்காவை அடைந்தபோது பதினொன்று. கிண்டிக் காடு முற்காலத்தில் ஆளுநர் மாளிகையைச் சார்ந்த வேட்டைக் காடாக இருந்தது. 1978-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரே. இத்துணைச் சிறிய தேசியப் பூங்கா நம் நாட்டில் அரிது. மாநகரின் நடுவே புள்ளிமானும் வெளிமானும் வாழும் அவ்விடத்தைப் பிள்ளைகள் கட்டாயம் காண வேண்டும். ஆனால், அன்று மான்கள் எங்களினும் அறிவுடையனவாய் நிழலில் படுத்திருந்தன. நாங்களோ ஒவ்வொரு கூண்டாகச் சுற்றினோம்.

"கரிசக்காட்டுல பருத்தி எடுத்தவ நான், வெயிலு என்னய என்ன செய்யும்?" என்று ஆச்சி சொல்லி அரைமணி ஆகவில்லை, தலை சுற்றுகிறது என்று தரையிலேயே அமர்ந்துவிட்டார்கள். முகம் வெளிறியிருந்தது, சேலை வியர்வையில் நனைந்திருந்தது. நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் கழுத்தையும் கைகளையும் துடைத்து, சிறிது சிறிதாக நீர் பருகத் தந்தபின் கண் திறந்தார்கள். கட்டுச்சோறு பிரிக்கப்படாமலே வீடு திரும்பியது. (பேச்சு குழறினாலோ, அறிவு தடுமாறினாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ, வீட்டு வைத்தியம் பார்த்து நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.)

கரிசல் வெயிலுக்கு அஞ்சாதவர் சென்னையில் ஏன் சாய்ந்தார்? துயரமும் அரைவயிற்றுணவும் ஒரு காரணம். மற்றொன்று காற்றிலுள்ள ஈரம். வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. வறண்ட ஊரில் அது விரைவில் உலரும். கடலோரத்தில் உலராமல் வழிந்தோடுகிறது, உடலின் சூடோ உள்ளேயே நிற்கிறது. அக்கடலே நமக்கு மருந்தும் தருகிறது. வெயிலில் தரை கடலைவிட விரைவாகச் சூடேற, தரைமேலுள்ள காற்று மேலெழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உட்புகுகிறது. நண்பகலை ஒட்டி அது வந்துவிட்டால் மாலை இனிமையாகும். மேல்காற்று வலுத்து அதைத் தடுக்கும் நாள்களில்தான் நகரம் வேகிறது. 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஆகவே மெரினாவுக்குச் செல்வோர் ஐந்து மணிக்கு முன் மணலில் கால் வைக்க வேண்டா. அங்கே நிழல் என்பதே இல்லை. மாலையாயினும் அலைக்குள் இறங்குவது ஆபத்து. அங்குள்ள நீரோட்டம் நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துவிடும்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் எங்கள் வழக்கத்தை மாற்றினோம். இப்பொழுது கோடையில் நாங்கள் தொலைவு செல்வதில்லை. லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வரராவ் பூங்காவுக்குக் காலை ஆறு மணிக்கெல்லாம் போய்விடுகிறோம். அமிர்தாஞ்சனைத் தொடங்கியவரும், 'ஆந்திர பத்திரிகா' இதழை நடத்தியவருமான காசிநாதுனி நாகேஸ்வரராவின் பெயரைத் தாங்கியது அது. அதற்குச் சற்றுத் தொலைவில்தான் 1516-ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரகாச மாதா ஆலயம். அதனைச் சூழ ஒருகாலத்தில் காடு இருந்ததால், முதியோர் இன்றும் 'காட்டுக் கோயில்' என்பர். அக்காட்டின் அடையாளம் எதுவும் இன்றில்லை. போக்குவரத்து இரைச்சல்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் நகரின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. எஞ்சிய நிழலின் அருமை அதன் பின்னரே பலருக்குப் புரிந்தது.

முதல் நாள் ஆச்சி வர மறுத்தார்கள். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்து வந்தனர். தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் இரவில் மூடியவை, அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தன. "பாருலே, மரம் இப்பத்தான் கண்ணு முழிக்கி" என்று பேரனிடம் சொன்னார்கள். அந்த வாரத்தில் அவர்கள் தாமாகப் பேசிய முதற்பேச்சு அது. பூங்காவினுள்ளே புங்கு, பூவரசு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்து ஊதிக் காட்டியதும் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் மறந்துபோயிற்று. மரப்பெயர் எதுவும் அறியாத நாங்கள் பின்னால் நடந்து கேட்டுக்கொண்டோம்.

வேம்பு ஒன்றின் அடியிலிருந்த பலகையில் அமர்ந்தபோது, "களத்துமேட்டு வேம்ப உங்க தாத்தாதான் வச்சாக," என்றார்கள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார்கள். பிள்ளைகள் அஞ்சி எங்களைப் பார்த்தனர். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. மோர்ச் செம்பை மட்டும் அருகில் வைத்தோம்.

எட்டரை மணிக்கு வெயில் பலகையை எட்டியது; எழுந்து வீடு வந்தோம். அன்று ஆச்சி இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டார்கள். இப்பொழுது ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு எங்களை எழுப்புவது அவர்கள்தாம். உப்பும் கறிவேப்பிலையும் இட்ட மோர் அதற்குள் ஆயத்தமாயிருக்கும்.

"ஏலே, எந்திரிங்க. வெயிலு வந்துரும்."