புயலில் ஒரு கார்த்திகை

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர்க்காலம் என்று நம் முன்னோர் வழங்கினர். வாடை வீசும் காலம் அது. வடகிழக்குப் பருவமழை சென்னையை நனைப்பதும், வங்கக் கடலில் புயல்கள் எழுவதும் இக்காலத்தில்தான். வெளியூரில் வாழ்வோர் வீடு திரும்ப விழையும் தீபாவளியும் திருக்கார்த்திகையும் இக்காலத்திலேயே வருகின்றன. மழைக்கு அஞ்சி எவர் வீடு செல்லாதிருப்பர்? அவ்வாறு அஞ்சாது புறப்பட்ட நான், வழியில் கற்ற பாடம் ஒன்றை இங்கே கூறுகின்றேன்.

2016ஆம் ஆண்டு திருக்கார்த்திகை டிசம்பர் 12ஆம் நாள் வந்தது. அன்றுதான் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மக்கள் வீட்டை விட்டு வெளியே வரவேண்டா என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. நான் அப்போது வேலூரில் பணிபுரிந்து வந்தேன். என் பாட்டியார் மயிலாப்பூரில் தனியே இருந்தார். ஆண்டுதோறும் அவருடன் அகல் ஏற்றுவது என் வழக்கம். "எப்படியும் மாலைக்குள் வந்துவிடுவேன், பாட்டி" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதிகாலையில் பேருந்து ஏறினேன்.

கோயம்பேட்டில் இறங்கித் தியாகராய நகரை அடைவதற்குள் நண்பகலாயிற்று. அதற்குமேல் பேருந்து செல்லவில்லை. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விசையுடன் வடக்கிலிருந்து சீறியது. கடைகளின் பெயர்ப்பலகைகள் காகிதம்போலப் பறந்தன. பாண்டி பஜாரில் ஒரு கடையின் வாயிலில் ஒதுங்கினேன். மருந்து வாங்க வந்த முதிய மீனவர் ஒருவரும் அங்கே நின்றார்.

பிற்பகலில் காற்று திடீரென அடங்கிற்று. புயல் நீங்கிவிட்டது என்று மகிழ்ந்து பையைத் தோளில் மாட்டினேன். முதியவர் என் கையைப் பற்றினார்.

"போகாதே தம்பி. இது புயலின் கண். காற்று இனி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். வேர் தளர்ந்து நிற்கும் மரமெல்லாம் அப்போதுதான் விழும்" என்றார்.

"என் பாட்டி காத்திருப்பாரே, ஐயா!" என்றேன்.

"அவர் காத்திருப்பதால்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் காத்திருப்பார்கள். அதனால்தான் புயல் நாளில் நாங்கள் படகை இறக்குவதில்லை" என்றார் அவர்.

புயல் என்பது ஒரு பெருஞ்சுழல். அதன் மையம் கடக்கும்போது அமைதி நிலவும். முன்பாதியில் வடக்கிலிருந்து வீசிய காற்று, பின்பாதியில் தெற்கிலிருந்து வீசும். இதனை நான் பள்ளியில் பயின்றிருந்தேன். ஆயினும், அவசரம் அறிவை மறைத்துவிட்டது. முதியவர் கூறியவாறே சற்று நேரத்தில் தென்திசைக் காற்று பாய்ந்து வந்தது. எதிரே நின்ற பெருமரம் வேரோடு சாய்ந்து, நான் செல்லவிருந்த நடைபாதையை மூடிற்று. என் உடல் நடுங்கிற்று.

இரவில் காற்று தணிந்த பின்னரே இருவரும் விடைபெற்றுப் பிரிந்தோம். எல்டாம்ஸ் சாலை, ஆழ்வார்பேட்டை, லஸ் வழியே நடந்தேன். எங்கும் மரங்கள் வீழ்ந்து கிடந்தன. அன்று நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. கிளைகளின்மீது ஏறியும் குனிந்தும் சென்றதால், ஒரு மணி நேர வழிக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று.

மின்சாரம் இல்லை, நிலவையும் மேகம் மறைத்திருந்தது. ஆனால் மயிலாப்பூரில் வீட்டு வாயில்கள்தோறும் ஒன்றிரண்டு அகல்கள் ஒளிர்ந்தன. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் கார்த்திகை விளக்கீடு இடம்பெற்றுள்ளது. அவர் காலத்தில் அகலொளி ஒன்றே தெருவுக்கு ஒளி. அந்தப் பழைய மயிலையை அன்றிரவு நான் கண்ணாரக் கண்டேன்.

எங்கள் வீட்டு வாயிலில் மட்டும் விளக்கு இல்லை. எண்ணெயும் திரியும் இட்ட அகல்களைத் தட்டில் வைத்துக்கொண்டு, பாட்டியார் கதவருகே அமர்ந்திருந்தார்.

"நேரமாகிவிட்டது, பாட்டி!" என்றேன்.

"விளக்கை எப்போதும் ஏற்றலாம், கண்ணா. நீ சீக்கிரம் வரவேண்டும் என்று நான் வேண்டவில்லை, நல்லபடியாக வரவேண்டும் என்றே வேண்டினேன்" என்றார் அவர்.

இருவரும் அகல்களை ஏற்றினோம். அவர் தந்த பொரி உருண்டையை உண்ணும்போது முதியவரை நினைத்தேன். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அன்புடையோரைக் காண விரைதல் இயல்பு. அவர்கள்பொருட்டு நின்று, பொறுத்து, நலமாகச் சென்று சேர்தலும் அன்பே அன்றோ?