அம்பத்தூரில் ரிதம் கிட்டார்

1964-இல் ஏற்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கே கடைந்தெடுக்கப்படும் இயந்திர உறுப்புகளைச் சொல்வார்களே தவிர, ஷிப்ட் முடிந்து சோப்புப் போட்டுக் கழுவியும் எண்ணெய் வாசனை போகாத அந்தக் கைகளில் சில, மாலை வேளையில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் பருத்திக் காடுகளில் பிறப்பித்த புளூஸ் சங்கீதத்தைக் கிட்டாரில் அப்பியாசம் செய்கின்றன என்பதைச் சொல்வதில்லை. ஓ.டி. பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, தையற்கடை ஒன்றின் மாடியில் நடக்கும் அந்த வகுப்பை நடத்துகிறவர் ரயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பெரம்பூர்ப் பக்கத்து ஆங்கிலோ இந்திய நண்பர்களோடு நடன இரவுகளில் வாசித்து வித்தையைக் கற்றவர். எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’.

நான் போன அன்று சி.என்.சி. இயந்திரம் ஓட்டும் ஓர் இளைஞன், ஆறு தந்திகளும் அதிரும்படி ஒரு கார்டை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டை) வீசி அடித்துவிட்டுப் பெருமிதத்தோடு நிமிர்ந்தான். “ஆறு ஸ்ட்ரிங் இருக்குன்னா ஆறையும் அடிக்கணும்னு யாருப்பா சொன்னது?” என்றார் மாஸ்டர். பிறகு அவர் காட்டியதை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் தாளத்துக்குக் கார்டு வாசிக்கும் இந்த ரிதம் கிட்டார்க் கலையின் உயிர்நிலை அதில் இருக்கிறது. ஏ செவன்த் என்னும் கார்டுக்கு ஆறாம் தந்தியில் 5-ஆம் ஃபிரெட் (மெட்டு), நான்காம் தந்தியில் 5, மூன்றாம் தந்தியில் 6, அவ்வளவுதான். ஆறாம் தந்தியை அழுத்தும் விரலின் நுனியே ஐந்தாம் தந்தியை இலேசாகத் தொட்டு ஊமையாக்கிவிட வேண்டும். கீழேயுள்ள இரண்டு தந்திகளும் பேசக்கூடாது. நம் பாஷையில் சொன்னால் ஒலிப்பவை ஷட்ஜம், கைசிகி நிஷாதம், அந்தர காந்தாரம். நம் சங்கீதத்தில் அசையாத ஸ்வரமென்று மரியாதை பெற்ற பஞ்சமத்தை இங்கே தயங்காமல் தள்ளிவிடுகிறார்கள். கார்டின் குணத்தைத் தீர்மானிப்பவை காந்தாரமும் நிஷாதமுமே, பஞ்சமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் குணம் மாறுவதில்லை என்பது காரணம்.

அடுத்து நடந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். நான்காம், மூன்றாம் தந்திகளில் இருந்த இரு விரல்களையும் ஒரே ஒரு ஃபிரெட் பின்னுக்கு நகர்த்தி, ஆதார ஸ்வரத்தை ஐந்தாம் தந்திக்கு மாற்றினார். டி செவன்த் வந்துவிட்டது. ஏ செவன்த்திலிருந்து அதேபோல ஒரு ஃபிரெட் முன்னுக்குத் தள்ளினார், இ செவன்த். முன்பு நிஷாதமாக இருந்த தந்தி இப்போது காந்தாரமாகவும், காந்தாரமாக இருந்தது நிஷாதமாகவும் உத்தியோகம் மாற்றிக்கொள்கின்றன. பன்னிரண்டு பார்கள் (ஆவர்த்தங்கள்) கொண்ட புளூஸ் முழுவதையும் இந்த மூன்று கார்டுகளில், கை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, வாசித்துவிடலாம். பேஸ் கிட்டார்க்காரர் பக்கத்தில் இருந்தால் ஆதார ஸ்வரத்தையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு, மிஞ்சிய இரண்டே ஸ்வரங்களோடு நிற்கலாம் என்றார். ஜாஸின் சிக்கலான கார்டுகளுக்கும் அஸ்திவாரம் இதுவே.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் கவுண்ட் பேஸியின் வாத்தியக் குழுவில் 1937-இல் சேர்ந்து 1987-இல் மறையும் வரையில் வாசித்த ஃப்ரெடி கிரீன் இந்த மார்க்கத்தின் ஆசாரியர். மின்சார ஒலிபெருக்கியின் துணையின்றி, பாருக்கு நான்கு தட்டாக, சிறிய கார்டுகளையே வாசித்தார். சோலோ வாசிப்பதைப் பெரும்பாலும் தவிர்த்தார். ஊதுகுழல்களின் பெருமுழக்கத்துக்கு அடியில் அவருடைய கிட்டாரைத் தேடிக் காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

வலக்கையைவிட இடக்கையே லயத்தை ஆள்கிறது என்பது அன்று கண்ட மற்றொரு விஷயம். தட்டிய மறுகணம், சூடான தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இடக்கை விரல்கள் அழுத்தத்தைத் தளர்த்திவிட வேண்டும். ஆனால் தந்தியை விட்டு எழக்கூடாது. அந்த நிசப்தம் இல்லாவிட்டால் ஸ்விங் என்னும் ஜாஸின் துள்ளல் இல்லை. ஷஃபிள் என்னும் நடையோ நம் திஸ்ரத்துக்கு உறவு: ‘தகிட’வில் நடுவிலுள்ள ‘கி’யை மௌனமாக்கினால் அது கிடைத்துவிடுகிறது. மிருதங்கம் கற்ற பையன் ஒருவன் இதை உடனே பிடித்துக்கொண்டான். அவனே அடுத்த பாடத்தில் இடறியதும் ரசமானது. சமத்தில் அழுத்திப் பழகிய கைக்கு, இங்கே இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் அழுத்தம் வருவது தலைகீழாகத் தோன்றுகிறது. மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, அதன் தட்டுகளை இரண்டாகவும் நான்காகவும் பாவித்து வாசிக்கச் சொன்னார் மாஸ்டர். வகுப்பில் பாதிப்பேர் நாலு பாருக்குள் தொலைந்துபோனார்கள்.

இந்த வித்தையால் பிழைப்பவர்களின் நிலைமை வேறு. ஆவடியில் ஞாயிறு காலை ஆராதனையில் வாசித்துவிட்டு, முகூர்த்த நாட்களில் பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கல்யாண மண்டபங்களில் இன்னிசைக் குழுவோடு வாசிக்கும் ஒருவரைச் சந்தித்தேன். “ரிதம் கிட்டாரைக் கீபோர்டே வாசிச்சிடும்னு சொல்லி எங்களைத்தான் சார் முதல்ல குறைக்கிறாங்க” என்றார். கீபோர்டு அந்த ஸ்வரங்களை வாசிக்கும். தந்தியை விரல் அடக்கும் அந்தத் தட்டை வாசிக்காது என்பது என் அபிப்பிராயம். தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டுச் சங்கீதம் பயின்ற இளையராஜா, லண்டன் டிரினிடி கல்லூரியின் கிட்டார்ப் பரீட்சையில் தேறியவர் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊரில், அந்தக் கிட்டாரைத் தாளத்துக்கு வாசிப்பவனை முதலில் வீட்டுக்கு அனுப்புவது விசித்திரம்தான்.

சென்னைக்கு அருகிலேயே யமஹா கம்பெனி 2019-இலிருந்து கிட்டார்களைத் தயாரிக்கிறது. ஆகவே வாத்தியத்துக்குப் பஞ்சமில்லை. கிட்டார் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், சோலோவை முதல் மாதமே கற்பிப்பதாக விளம்பரம் செய்பவரிடம் போகாமல், மூன்று தந்திகளோடு ஒரு வருஷம் உட்காரவைக்கும் ஆசிரியரைத் தேடிச் சேர்ப்பார்களாக.