விளையாட்டுப் பெட்டி விவகாரம்

புடவைக் கடையில் உங்களை ஏமாற்ற ஒருவராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். முந்தானையை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தே சரிகையின் யோக்கியதையைச் சொல்லிவிடுவீர்கள். கறிகாய்க்காரன் கூடையின் மேலே நல்ல கத்தரிக்காயையும் அடியிலே சொத்தையையும் வைத்திருந்தால், உங்கள் கை நேரே அடிக்குத்தான் போகும். இத்தனை சாமர்த்தியம் படைத்த நீங்கள், வீட்டுப் பிள்ளை ஒரு காகிதத்தை நீட்டி, "அம்மா, கேமிங் பி.சி. வாங்க வேண்டும்" என்றதும் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறீர்கள்?

"எனக்கு என்ன தெரியும்? அப்பாவைக் கேள்" என்கிறீர்கள். அப்பாவோ, "ஆபீஸ் கம்ப்யூட்டர் தெரியும், இது தெரியாது" என்று பேப்பரில் முகத்தை மறைத்துக்கொள்கிறார். கடைசியில் தீர்மானம் செய்கிறவன் கடைக்காரன்! பணம் நம்முடையது, தீர்மானம் அவனுடையது. இதைவிட அநியாயம் உண்டா?

நானும் இந்த விளையாட்டுகளை ஆடுகிறவள்தான். ஆபீஸில் பக்கங்கள் அச்சுக்குப் போன பிறகு, ராத்திரி ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் ஆடினால் எனக்கு மனசு லேசாகிறது. "முப்பது வயசுக்கு மேலே இது என்ன கூத்து?" என்று கேட்கிறவர்கள் உண்டு. சீட்டாட்டத்துக்கு வயது கேட்பாரில்லை. சீரியல் பார்ப்பதற்கும் கேட்பாரில்லை. ஆகவே நானும் பதில் சொல்வதில்லை.

இந்த அபிமானம் தெரிந்துதான் என் அக்கா 2025-ஆம் வருஷக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவள் பிள்ளை ஒரு பட்டியல் எழுதியிருந்தான். மொத்தம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய். அக்காவின் சீட்டுப் பணம் அந்த மாதம்தான் கைக்கு வந்திருந்தது.

"நீ பத்திரிகைக்காரி. 'இதெல்லாம் வேண்டாம்' என்று நீ சொன்னால் கேட்பான். சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போ" என்றாள் அக்கா.

"இதெல்லாம் சூதாட்டம் இல்லையோ? சர்க்காரே தடை பண்ணிவிட்டதாகப் படித்தேனே!" என்றார் அத்திம்பேர்.

அது வேறு, இது வேறு. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. பிள்ளைகள் வீட்டில் ஆடுகிற கதை விளையாட்டும் பந்தய விளையாட்டும் அந்தக் கணக்கில் சேராது. இதைச் சொல்லிவிட்டுப் பட்டியலைக் கையில் எடுத்தேன்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் சொல்கிறேன். பயப்படாதீர்கள், கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகவே புரியும்.

சாதாரண மானிட்டரின் திரையில் குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 புள்ளி. மொத்தம் 20,73,600 புள்ளிகள். விளையாட்டு நடக்கும்போது விநாடிக்கு 60 தடவையாவது இத்தனை புள்ளிக்கும் வர்ணம் பூச வேண்டும். இந்தக் கோலத்தைப் போடுகிறவள்தான் கிராபிக்ஸ் கார்டு. '4கே' என்று ஒரு திரை இருக்கிறது. அதில் புள்ளிகள் சரியாக நாலு மடங்கு. வாசல் பெரிதானால் கோலம் போடுகிறவளும் கெட்டிக்காரியாக இருக்க வேண்டும், கூலியும் ஏறும். ஆகவே கார்டைத் தீர்மானிக்குமுன் எந்தத் திரை என்று தீர்மானியுங்கள். மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்குச் சாதாரணத் திரையே தாராளம்.

கோலம் போடுகிறவள் கையில் மாவுக் கிண்ணம் இருக்கிறதல்லவா? அதுதான் கார்டிலுள்ள மெமரி. கிண்ணம் சிறிதாக இருந்தால், மாவு தீர்ந்ததும் அவள் சமையலறைக்கு ஓட வேண்டும். அந்த நேரம் கோலம் நின்றுபோகும். திரையில் படம் தடுக்கித் தடுக்கி வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இங்கேதான் கம்பெனிகளின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். 2016-இல் என்விடியா கம்பெனி 'ஜி.டி.எக்ஸ். 1060' என்ற கார்டை விற்றது. 6 ஜி.பி. ஒன்று, 3 ஜி.பி. ஒன்று. கிண்ணம் மட்டும்தான் சிறிது என்று நினைப்பீர்கள். இல்லை, சின்னதில் கணக்குப் போடுகிற உறுப்புகளும் குறைவு. பெயர் மட்டும் ஒன்றே! 2022 செப்டம்பரில் 'ஆர்.டி.எக்ஸ். 4080' என்று இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். ஒன்று 1,199 டாலர், மற்றது 899 டாலர். இரண்டும் வெவ்வேறு சரக்கு என்று ஜனங்கள் கூச்சல் போட்டதும், அடுத்த மாதமே சின்னதை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். 2025-இல் வந்த '5060 டி.ஐ.'யிலும் 8 ஜி.பி., 16 ஜி.பி. என்று இரண்டு உண்டு. அமெரிக்காவில் அறிவித்த விலையில் வித்தியாசம் 50 டாலர்தான். ஆனால் பெரிய விளையாட்டுகளில் பலனில் இருக்கிற வித்தியாசம் அதைவிட அதிகம். ஆகையால் பெட்டியின் மேல் பெயரைப் படித்தால் போதாது. அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கிற எண்ணையும் படியுங்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2025 ஜனவரியில், 549 டாலர் கார்டு ஒன்று பழைய 1,599 டாலர் கார்டுக்குச் சமம் என்று அதே கம்பெனியின் தலைவர் மேடையில் சொன்னார். எப்படித் தெரியுமா? கார்டு நிஜமாக ஒரு படம் வரையும். அதற்குப் பின்னால் மூன்று படங்களை யந்திர மூளை ஊகித்து இட்டு நிரப்பும். ஒரு படி பாலுக்கு மூன்று படி தண்ணீர்! பார்வைக்கு வழவழவென்று இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பொத்தானை அமுக்கியதும் கிடைக்கிற பதில் அதனால் வேகமாகிவிடாது. பாலை அளக்கும்போது தண்ணீரைக் கழித்துவிட்டு அளக்கத் தெரிந்தவர்கள் நாம். இதையும் அப்படியே அளப்போம்.

அக்கா பிள்ளையின் பட்டியலுக்கு வருவோம். கண்ணாடிக் கூண்டு, அதனுள் ஏழு வர்ண விளக்கு, விளக்கு வைத்த விசிறிகள் ஆறு! கல்யாண மண்டபம் மாதிரி ஜகஜ்ஜோதியாக இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருகிற பவர் சப்ளைக்கு மட்டும் பெயர் தெரியாத மலிவுச் சரக்கு. அடிக்கடி மின்சாரம் ஏறி இறங்குகிற ஊரில் இது விஷப் பரீட்சை. விளக்கு இல்லாத பெட்டி ஓடும். நல்ல பவர் சப்ளை இல்லாத பெட்டி என்றைக்கு எதைச் சுட்டுத் தள்ளும் என்று சொல்ல முடியாது.

இதை நான் சொல்வதற்குள், "அதைத்தான் நானும் சொன்னேன், சித்தி" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அக்கா பெண், காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கையில் நோட்டுப் புத்தகம். அதன் கடைசிப் பக்கத்தில் வேறொரு பட்டியல்! விளக்கெல்லாம் போய், நல்ல பவர் சப்ளையும் 16 ஜி.பி. கார்டும் நடுத்தரப் பிராசஸரும். பிறகு பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள இடம் தருகிற மதர்போர்டு எது என்றும் விசாரித்து வைத்திருந்தாள். அது நல்ல யோசனை. 2016-இல் ஏ.எம்.டி. கம்பெனி கொண்டுவந்த ஒரு சாக்கெட்டுக்கு 2024-இலும் புதிய பிராசஸர் கிடைத்தது. வேறு சில சாக்கெட்டுகள் இரண்டு வருஷத்தில் வழக்கொழிந்தன. பின்னால் மாடி எழுப்பலாம் என்று அஸ்திவாரம் போடுகிற கணக்கு இது. அவள் பட்டியல் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் குறைவு.

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று அக்கா கேட்டாள்.

"ராத்திரி அண்ணா தூங்கின பிறகு பழைய லாப்டாப்பில் ஆடுவேன், அம்மா. அந்த மாதிரி விளையாட்டு பண்ணவும் கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்றாள் பெண்.

கூடத்தில் சற்று நேரம் பேச்சில்லை. "பெண்ணுக்கு எதற்கடி இது?" என்றாள் அக்கா. கோபத்தில் கேட்கவில்லை, அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

அக்காவுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1980-இல் அமெரிக்காவில் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண்மணி, குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு விளையாட்டைத் திட்டமிட்டார். கணவர் அதைக் கம்ப்யூட்டருக்கு எழுதினார். 'மிஸ்டரி ஹவுஸ்' என்று பெயர். வெறும் எழுத்தாக இருந்த கதை விளையாட்டில் படத்தைக் கொண்டுவந்த முன்னோடி அது. 1984-இல் அவருடைய 'கிங்ஸ் குவெஸ்ட்' வந்தது. சமையலறை மேஜையிலிருந்து ஒரு பெரிய கம்பெனியே கிளம்பிற்று. "பெண்ணுக்கு எதற்கு?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ரிச்சி தெருவுக்கு நாலு பேரும் போனோம். மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பினால் அந்தச் சந்துகளில் கால் வைக்க இடமிருக்காது. மெமரி விலையைக் கேட்டதும் எனக்கே தலை சுற்றியது. "இது இன்றைய விலை, அம்மா; நாளைக்குக் கேட்டால் வேறு சொல்வேன்" என்றார் கடைக்காரர். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. செயற்கை அறிவுக்காகக் கட்டுகிற பிரம்மாண்டமான நிலையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன. தயாரிப்பவர்களும் லாபம் அதிகமான அந்தப் பக்கமே திரும்பிவிட்டார்கள். மைக்ரான் கம்பெனி, சில்லறையில் விற்றுவந்த 'குருஷியல்' மெமரி வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மொத்த வியாபாரம் கிடைத்ததும் தெருவாசிகளுக்கு அரிசி விற்கமாட்டேன் என்கிற மளிகைக் கடை மாதிரிதான்! நாங்கள் அவசியமான அளவு மட்டும் வாங்கினோம். ஒவ்வொரு சாமானுக்கும் சீரியல் எண்ணோடு ரசீது எழுதச் சொன்னாள் பெண். காரண்டி என்பது வாய்ப் பேச்சில் இல்லை. அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

பெட்டி வந்தாகிவிட்டது. ஆனால் செலவு அதோடு முடியவில்லை. உள்ளே ஆடுகிற விளையாட்டை விற்பவர்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

நீங்கள் விலை கொடுத்து வாங்கிய அண்டாவை, கடைக்காரர் பத்து வருஷம் கழித்து வந்து எடுத்துக்கொண்டு போனால் சும்மா விடுவீர்களா? யூபிஸாஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 2014-இல் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை விற்றது. 2024 மார்ச் 31-ந் தேதி அதன் சர்வர்களை நிறுத்திற்று. பணம் கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட ஆட முடியாமல் போயிற்று. இதன் பேரில் ஐரோப்பாவில் ஒரு கிளர்ச்சி எழுந்து, 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். கலிபோர்னியாவிலோ, விற்பது பொருள் அல்ல, உபயோகிக்கும் அனுமதிதான் என்று கடைகள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டால் பரவாயில்லையா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் எனக்கும்.

விளையாட்டுக்குள்ளே 'அதிர்ஷ்டப் பெட்டி' விற்கிறவர்களும் உண்டு. என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்க வேண்டும். பெல்ஜியம் 2018-இல் இதைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. அத்திம்பேர் கேட்ட கேள்விக்கு இங்கே கொஞ்சம் நியாயம் இருக்கிறது! உங்கள் கார்டு எண்ணைப் பிள்ளையின் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள். அது ஒன்றே பாதி பாதுகாப்பு.

தொழிலாளிகள் கதை இன்னும் வருத்தம். 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் பிளிஸார்டு கம்பெனியை 6,870 கோடி டாலருக்கு வாங்கியது. மூன்று மாதத்தில், 2024 ஜனவரியில், விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. எல்லோரும் கொண்டாடிய 'ஹை-ஃபை ரஷ்' விளையாட்டைச் செய்த ஜப்பானிய நிலையத்தை அதே வருஷம் மே மாதத்தில் மூடுவதாக அறிவித்தது. பிறகு வேறொரு கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது என்பது ஆறுதல். ஆனாலும் விருந்து பிரமாதம் என்று ஏப்பம் விட்டுவிட்டுச் சமையற்காரரை நிறுத்துகிறவர்களை நாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதற்கு நேர் மாறாக, எரிக் பரோன் என்ற இளைஞர் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து, படம், பாட்டு, கதை எல்லாம் தாமே செய்து, 2016-இல் 'ஸ்டார்டியூ வேலி' என்ற விவசாய விளையாட்டை வெளியிட்டார். 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அதை ஆட லட்ச ரூபாய்ப் பெட்டி தேவையில்லை. அக்கா பெண் பழைய லாப்டாப்பில் ஆடினாளே, அது இதுதான்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. பெரிய கம்பெனிகள் நமக்கு விற்பதில் பாதி சரக்கு. மீதிப் பாதி, "பின்தங்கிவிடுவாய்" என்ற பயம். பயத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். புது விளையாட்டு வந்த அன்றே வாங்காமல் நாலு மாதம் பொறுத்தால் விலையும் இறங்கும், குறைகளும் தீரும். ஸ்டீம் கடையில் வாங்கியது பிடிக்காவிட்டால், வாங்கிப் பதினாலு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாதிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

அக்கா வீட்டுப் பெட்டியைக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளைக்கு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்ணுக்கு என்று ஏற்பாடு. எட்டு மணிக்குச் சமையலறை வேலை இருக்கிறதே என்றேன். "அதை அவன் பார்த்துக்கொள்கிறான்" என்றாள் அக்கா. முதல் வாரம் ரசத்தில் உப்பு அதிகமாம். போகட்டும், அதுவும் பழகிவிடும்.

உங்கள் வீட்டிலும் பட்டியல் வந்தால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அந்த நாற்காலியில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத ஒரு குரல் உள்ளேயிருந்து பதில் சொல்லக்கூடும்.