வெம்பக்கோட்டைப் பக்கம் இரண்டு அடைக்கோழிகள்

"வைட்டமின் சொட்டு மருந்து கொடுத்தும் அடை வைத்த முட்டையெல்லாம் கூமுட்டையாகப் போகிறது. எந்த மருந்து வாங்கலாம்?" வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். இதே கேள்வியை அதே தெருவிலிருந்து இன்னொருவரும் எழுதியிருந்தார். நான் பயிர் பார்க்கும் அதிகாரி. கோழிக்கு வைத்தியம் சொல்வது கால்நடை மருத்துவர் வேலை. அவரிடம் விவரம் கேட்டுக்கொண்டு, மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் பஸ் ஏறினேன்.

ஆமத்தூர் தாண்டியதும் கரிசல் காடு. பருத்திக் கட்டை, மக்காச்சோளத் தட்டை, எங்கும் சீமைக் கருவேலம். சிவகாசி நெருங்க நெருங்க வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள். மானாவாரி பொய்க்கும் இந்த மண்ணில் 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது; பிறகு பட்டாசு வந்தது. தீபாவளி முடிந்து ஆலைகளில் வேலை குறையும் நாட்களில் பல வீடுகளுக்குக் கை கொடுப்பது ஆடும் கோழியும்தான். ஒரு அடை வீணானால் 21 நாள் போவதோடு, கோழி மறுபடி முட்டைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

முதல் வீட்டு அம்மாவின் விரல் இடுக்கில் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம் இன்னும் போகவில்லை. "ரெண்டு பாட்டில் வாங்கி ஊத்திட்டேன் சார். ஒரு குஞ்சு கூட வரல" என்றார். கோழி அடையில் உட்கார்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பழைய காலண்டர் அட்டையைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையில் செல்போன் லைட்டையும் மறுமுனையில் முட்டையின் அகன்ற பக்கத்தையும் வைத்து இருட்டறையில் பார்த்தோம். பன்னிரண்டு முட்டையும் பளிச்சென்று தெளிவாக இருந்தன. ஒன்றை உடைத்தோம். இரத்த நரம்பு ஒன்றுகூட இல்லை. கருவே பிடிக்கவில்லை.

"சேவல் எங்கேம்மா?"

"பெரிய சேவல தை மாசம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ச்சைக்குக் கொண்டு போயாச்சு. இந்தா, இதுதான் இருக்கு."

இருந்தது நான்கு மாத விடலை. அது கூவப் பழகிக்கொண்டிருந்தது. அவருடைய எட்டுப் பெட்டைகளோ குப்பையைக் கிளறி, புல்லும் பூச்சியும் தின்று நல்ல நிலையில் திரிந்தன. குறை தீனியில் இல்லை. எந்தச் சொட்டு மருந்தும் சேவலுக்கு ஈடாகாது. எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு வளர்ந்த சேவல் வேண்டும்.

நான்கு வீடு தள்ளி இரண்டாவது வீடு. அங்கே வாட்டசாட்டமான சேவல் நின்றது. ஆனால் காலை ஏழு மணிக்குப் புருஷன், பெண்டாட்டி இருவரும் ஆலைக்குப் போனால் திரும்பும்வரை கோழிகள் பஞ்சாரத்துக்குள். நாய்க்கும் கீரிக்கும் பயம். தீனி ரேஷன் அரிசிச் சோறு மட்டும். அடை வைக்கும் முட்டைகளைத் தகரக் கூரைக்குக் கீழே பரணில் பதினைந்து நாள் சேர்த்திருந்தார்கள். லைட் வைத்துப் பார்த்தால் பல முட்டைகளில் இரத்த வளையம். கரு பிடித்து, வளரத் தொடங்கிச் செத்திருக்கிறது.

இரண்டு வீட்டிலும் 'கூமுட்டை' என்றே சொன்னார்கள். ஆனால் நோய் வேறு வேறு.

வைட்டமின் ஈ கண்டறியப்பட்ட கதையும் இதைத்தான் சொல்கிறது. 1922இல் அமெரிக்காவில் இவான்ஸ், பிஷப் என்ற இருவர் எலிகளுக்குக் குறிப்பிட்ட தீனி மட்டும் கொடுத்தார்கள். எலிகள் சினை பிடித்தன. ஆனால் கரு உள்ளேயே கரைந்தது. பச்சை இலையைத் தீனியில் சேர்த்ததும் குட்டி போட்டன. நெடுநாள் ஈ குறைந்தால் சேவலின் விந்தும் கெடும் என்பது உண்மை. ஆனாலும் திரிந்து மேயும் கோழிக்கு அந்தக் குறை எளிதில் வராது. அடைபட்டுச் சோறு மட்டும் தின்னும் கோழிக்குத்தான் வரும். ஏ, ஈ, பி2, பி12 குறைந்தால் கரு முட்டைக்குள்ளேயே சாகும். பி2 குறைந்தால் பொரித்த குஞ்சும் விரல் மடங்கி நடக்க முடியாமல் கிடக்கும்.

இரண்டாவது வீட்டுக்குச் சொன்னது இதுதான். சோற்றைக் குறைத்து உடைத்த மக்காச்சோளம், முளைகட்டிய கம்பு கொடுங்கள். முருங்கைக் கீரையோ அகத்தியோ தினமும் கட்டித் தொங்க விடுங்கள். கொஞ்சம் மோர், கிடைத்தால் கரையான். காறல் வாசனை வந்த தவிடும் புண்ணாக்கும் வேண்டாம். அவை ஈ வைட்டமினை அழிக்கும். மாலையில் ஒரு மணி நேரமாவது திறந்து விடுங்கள். மஞ்சள் கரு திரள ஏறக்குறைய பத்து நாள் ஆவதால், தீனியை மாற்றி இரண்டு வாரம் கழித்து வரும் முட்டையை அடைக்கு எடுங்கள். முட்டையை ஈர மணல்மேல் வைத்த மண்சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். வெயில் காலத்தில் ஐந்து நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். பரண் சூட்டில் கரு அரைகுறையாக விழித்துச் செத்துப்போகும்.

சொட்டு மருந்து வேண்டவே வேண்டாமா? அடைத்தே வளர்க்க வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு அது உதவும். கால்நடை மருத்துவர் சொன்ன அளவில், காலையில் குளிர்ந்த நீரில் கலந்து, சீக்கிரம் குடித்து முடிக்கும்படி வையுங்கள். கூடுதலாக ஊற்றினால் ஏ, டி வைட்டமின்கள் உடம்பில் தங்கிக் கெடுதல் செய்யும்.

கிளம்பும்போது முதல் வீட்டு அம்மா, இரண்டாவது வீட்டுச் சேவலைக் கேட்டார். "கொண்டு போக்கா, குஞ்சுல ரெண்டு குடு" என்றார் அந்தப் பெண். பத்து நாள் சேவலை விட்டபிறகு முட்டை சேருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சித்திரையில் போன் வந்தது. பதினோரு முட்டையில் எட்டுக் குஞ்சு. அதில் இரண்டு சொன்னபடி நான்கு வீடு தள்ளிப் போய்விட்டன.

கோழி பற்றிக் கேள்வி எழுதும் வாசகர்களே, ஏழாம் நாள் லைட் வைத்துப் பார்த்து, முட்டை தெளிவாக இருந்ததா, இரத்த வளையம் தெரிந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மருந்துக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.